மூன்று நாளைக்குச் சாவி வேண்டும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் இருக்கும் நகரத்தார் பங்காளிமார்களுக்கு,

ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

என் அப்பாவின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து கிடக்கும். அதில் பெரிய சாவி ஒரு சாண் நீளம். கைபட்டுக் கைபட்டு வளையம் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளக்கும், மற்றதெல்லாம் கறுப்பு. உங்களில் பதினான்கு புள்ளிகளுக்கு, அதாவது பதினான்கு குடும்பங்களுக்கு, சொந்தமான ஒரு வீட்டின் தலைவாசல் சாவி அது. இருபத்திரண்டு வருஷமாக அப்பாதான் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒரு தடவை எல்லா அறைகளையும் திறந்து காற்றாட விடுவார். வௌவால் எச்சத்தைக் கூட்டுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டு மேல் ஏறி, இடுக்கில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்கி எறிவார். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று நீங்கள் வரும் நாட்களில் வீடு கலகலவென்று இருக்கும். மற்ற நாளெல்லாம் உள்ளே அப்பாவும் அணில்களும்தான்.

நான் கேட்பது இதுதான். வரும் பிப்ரவரி மூன்றாவது வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த வீட்டையோ, உங்களில் வேறு யாராவது மனம் வைத்தால் அதுபோன்ற இன்னொரு வீட்டையோ எங்கள் இளைஞர் கூடலுக்குத் திறந்துவிட வேண்டும். வரப்போவது நூற்றிருபது பேர். ஊர்ப் பிரச்சினைக்கு மனு எழுதுகிற, ஊருணி தூர்வாருகிற, கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற பிள்ளைகள். எல்லோரும் பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம், அப்புறம் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம், ராயவரம், கடியாபட்டி வரைக்கும் இருந்து வருவார்கள். எங்கள் குழுவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைக்க உட்கார்ந்த இரண்டு கூட்டமும் சண்டையில் முடிந்ததால் அதை ஒத்திப்போட்டுவிட்டோம்.

தனியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். பதினான்கு புள்ளிக்கும் வாட்ஸப்பில் எழுதினேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர், "மத்தவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார். ஒருவர் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். அது சம்மதமா, ஆளை விடு என்பதா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஐந்தாமவர், "நல்ல முயற்சி, ஆனா வீடு பொது" என்று முடித்துக்கொண்டார். மீதி ஒன்பது பேரிடமிருந்து நீலக்கோடு மட்டும் வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்று சொல்லவும் முதல் ஆளாக யாரும் தயாரில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பூட்டிய வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான் நடக்கிறது. அதனால்தான் ஊரறியக் கேட்கிறேன்.

எங்கள் கூட்டத்திலேயே சிலர் சொன்னார்கள்: "சாவி உங்க அப்பாகிட்டதானே இருக்கு. திறந்து, நடத்தி, கூட்டிப் பெருக்கி மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" தெரியாதுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அப்பா அந்த வீட்டு ஊஞ்சலில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவரைக் கேட்காமல் சாவியை எடுக்க எனக்குக் கை வராது, உங்களைக் கேட்காமல் கொடுக்க அவருக்கு மனசு வராது.

இதற்கு முன்னால் இரண்டு தடவை கூடியிருக்கிறோம். இரண்டும் சொதப்பல். முதல் சொதப்பல் முழுக்க எங்களுடையது, அதை மறைக்கப் போவதில்லை.

முந்தின வருஷம் ஒரு அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஃபிளெக்ஸ் அடித்து, மேடை போட்டோம். பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றரைக்குத் தொடங்கியது. நேரம் தவறாமைக்குப் பேர் போன கம்பன் விழா நடக்கும் ஊரில் இப்படி. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. வந்தது எண்பது இளைஞர்கள். பேசியது ஆறு பேர், ஆறு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். பின்வரிசை முழுக்க போனில் குனிந்திருந்தது. கடைசியில் 'இளைஞர் கருத்துரை' என்று ஒரே ஒருவரைக் கூப்பிட்டோம். புதுவயலில் இருந்து வந்திருந்த ஒரு பெண். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்த வெள்ளைத் துப்பட்டா, மேலெல்லாம் கரும்புள்ளி. அரிசி ஆலைச் சாம்பல். "துவைக்காமக் கொண்டு வந்திருக்கேன்" என்றாள். எந்தத் தேதியில் எவ்வளவு விழுந்தது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று நாலு மாதமாக நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். மூன்றாவது நிமிடம் சீட்டு அனுப்பி முடிக்கச் சொன்னோம். அப்புறம் நன்றியுரை, தேசிய கீதம். அவள் பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்ததை வாசலில் நின்று பார்த்தேன். என் கையில் மிச்சமான இரண்டு பொன்னாடை இருந்தது.

போன வருஷம் மேடையே வேண்டாம், வட்டமாக உட்காருவோம் என்று முடிவு செய்து ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கட்டினோம். முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. "நீங்க என்ன கட்சி?" எந்தக் கட்சியும் இல்லை. "அப்ப என்ன ஆளுக?" எல்லா ஆளும்தான் என்றேன். "அதான் யோசனையா இருக்கு" என்றார்கள். முன்பணத்தை முழுசாகத் திருப்பித் தந்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் மறுநாள் ஊருணிக் கரைப் புளிய மரத்தடியில் கூடினோம். அறுபது பேர் வர வேண்டியது, வந்தது நாற்பத்து மூன்று. பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் வெட்டவெளியில் கூட்டம் போட்டால் பிடிக்காமல் என்ன செய்யும்? சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியதெல்லாம் நீலமாக ஓடி எலுமிச்சைச் சோற்று அண்டா மூடியில் சொட்டியது. பாதிப் பேர் படித்துறை மண்டபத்தில், பாதிப் பேர் டீக்கடைச் சார்ப்பில். அந்தச் சார்ப்புக்கடியில்தான் புதுவயல் பெண்ணின் நாள்காட்டித் தாள்களை எல்லோரும் முதன்முதலாகக் கைமாற்றி வாங்கிப் பார்த்தோம். ஆம், அவள் மறுபடியும் வந்திருந்தாள். நான் அவள் இடத்தில் இருந்தால் வந்திருக்க மாட்டேன்.

மழை தவிர அக்டோபரில் இன்னொரு தொல்லையும் உண்டு. 27-ஆம் தேதி காளையார்கோவிலில் மருது பாண்டியர் குருபூஜை, 30-ஆம் தேதி பசும்பொன்னில் தேவர் குருபூஜை என்று மாதக் கடைசியில் மாவட்டமே காக்கிச் சட்டையாக இருக்கும். நாலு பேர் வேனில் போனாலே நிறுத்தி விசாரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் நாளைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அதனால் பிப்ரவரி. தைப்பூசம் முடிந்து, காவடி எடுத்துப் பழநிக்கு நடந்தவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். பிளஸ் டூ பரீட்சை தொடங்கியிருக்காது. வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் உண்மையான காரணம் மார்ச் 22. அது உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாடு முழுக்க கிராம சபை கூடும் நாள். முன்பு வருஷத்துக்கு நான்கு கிராம சபைதான், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் அரசு அறிவித்துச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்தில் எழுந்து "ஊருணிக்குத் தண்ணி வரலை" என்றால், "பார்க்கிறோம்" என்பார்கள். அதோடு சரி. தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டுமென்றால் சர்வே எண் வேண்டும். வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டது என்று படம் வேண்டும். எல்லாம் எழுத்தில் வேண்டும். இதைத் தனியாளாகச் செய்தவர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மற்ற நூற்றுப் பத்துப் பேருக்கும் அவர்கள் சொல்லித்தர வேண்டும். தகவல் உரிமை மனுவை ஜனவரியிலேயே போடச் சொல்லியிருக்கிறோம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் வந்தவர்கள் அதோடு வருவார்கள், வராதவர்கள் மேல்முறையீடு எழுதப் பழகுவார்கள். கூடலில் இருந்து ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது ஒரு மனு, கையெழுத்துப் போடத் தயாராக, போக வேண்டும். எங்கள் மூன்று நாளுக்கும் கணக்கு அதுதான்.

இதில் ஒரு சிக்கல். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதற்குள் போய்விட்டன. அந்த ஊர்களுக்குக் கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. நகரத்துக்குப் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது எப்போது, எங்கே கூடுகிறது என்று எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் முழுக்க இதற்குத்தான்.

சரி, இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடத்தக்கூடாதா? நடத்தலாம். ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேச உங்கள் வீட்டு வளவை (நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்திகளும்) விட நல்ல வகுப்பறை இந்தப் பக்கத்தில் இல்லை. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை வளவு முற்றத்தில் வந்து விழும். மூலைத் தூம்புக்கு நேராகச் செப்பு அண்டா வைத்துப் பிடிப்பார்கள். நிரம்பி வழிந்தது முற்றத்து மூலை வழியாகத் தெரு வடிகாலுக்குப் போகும், தெரு வடிகால் ஊருணிக்குப் போகும். ஊருணி நிரம்பினால் கண்மாய்க்கு. இந்த வறண்ட சீமையில், ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் ஓடாத இடத்தில், தெருவை நூல் பிடித்த மாதிரிப் போட்டு, கூரையில் விழுந்த துளியைக் குடிதண்ணீராக்கி வைத்தவர்கள் உங்கள் பாட்டன்மார். சின்ன வயதில் மழை நாளில் அப்பாவோடு போய் அந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தண்ணீர் கல்லைத் தொட்டதும் ஒரு சுழி சுழித்து, தனக்கு வழி தெரிந்த மாதிரி மூலைக்குப் போகும். இன்றைக்கும் போகும். வெளியே தெருவில் வடிகாலை மூடி சிமெண்ட் போட்டிருப்பதால் வாசலோடு நின்றுவிடும். அந்த இடத்தைக் காட்டினால் போதும், வரத்துக்கால் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை நம்பி வீட்டை விடுவதா என்ற யோசனை உங்களுக்கு இருக்கும். ஆச்சி ஒருவர் போனில் நேராகவே கேட்டார், "சின்னப் பிள்ளைகளாச்சே" என்று. மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். கொண்டுவிற்கப் போன காலத்தில் பதினைந்து வயதுகூட நிரம்பாத பையனைக் கப்பலேற்றி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் அனுப்பினீர்கள். பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, கடல் தாண்டி இன்னொருவர் முதலீட்டைக் காபந்து பண்ணியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இந்த வீட்டுப் பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அப்படி ஒரு பையனின் வியர்வை இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மூன்று நாளைக்கு நம்புவது அதைவிடப் பெரிய காரியமா?

பொதுக் காரியத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. காரைக்குடியில் 1917-இல் இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராய. சொக்கலிங்கனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாரதியார் அங்கே வந்தார். கானாடுகாத்தானில் வயி.சு. சண்முகம் செட்டியார் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தார். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்து ஒரு வருஷம்கூட ஆகாத, போலீஸ் கண் வைத்திருந்த மனிதருக்குக் கதவைத் திறந்த வீடு அது. 1927-இல் காந்தி இந்தப் பக்கம் வந்தபோது சிராவயல் ஆசிரமத்தில் அவரை வரவேற்ற, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவுக்கு இருபது வயது. 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து வெளியே கொண்டுவந்த தேவகோட்டைக்காரர் சின்ன அண்ணாமலைக்கு இருபத்திரண்டு. நாங்கள் சிறை உடைக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். வளவில் பாய் விரித்து உட்கார்ந்து மனு எழுதப் போகிறோம்.

பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் வீடுகளில் இருக்கும் பயம் வேறு மாதிரி. "போராட்டம் அது இதுன்னு போனா கேஸ் போடுவாங்க, கேஸ் விழுந்தா பாஸ்போர்ட் வராது, பாஸ்போர்ட் இல்லைன்னா சிங்கப்பூர் எப்படிப் போவே?" இந்தப் பக்கத்துத் தாய்மார் எல்லோரும் பாடம் பண்ணி வைத்திருக்கும் வசனம் இது. சிரிக்கிற விஷயம் இல்லை. இரண்டு வழக்கறிஞர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன, எதற்குப் போடலாம், எதற்குப் போட முடியாது என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு பேசுவார்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவோம். கட்சிக் கொடி வராது. சாதிச் சங்கத்துக் கயிறு கட்டிய கை வரும், அதை வாசலில் அறுக்கச் சொல்ல மாட்டோம். மூன்றாம் நாள் அது தானாக அவிழ்ந்தால் சந்தோஷம். மைக் வேண்டாம். உங்கள் வளவில் ஒருவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு பத்திக்கும் கேட்கும், நாங்கள் சோதித்துப் பார்த்தோம். (அப்பா அனுமதியோடுதான், காற்றாடத் திறந்த நாளில்.)

வீட்டுக்குச் சேதம் வருமோ என்ற கவலைக்கு நான் அப்பாவின் மகள் என்பதே பாதிப் பதில். போன தடவை ஒரு படப்பிடிப்புக்கு விட்டபோது தேக்குத் தூணில் ஆணி அடித்துவிட்டார்கள். அந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைத்துவிட்டு அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூணும் நிலைக்கதவும் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், எந்த ஊர் வீட்டை இடித்தார்களோ என்று. ஆகவே ஆணி இல்லை, ஒட்டு டேப் இல்லை, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய சுவரில் ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டமாட்டோம். சார்ட்டுக்குக் கொடிக்கயிறும் கிளிப்பும். ஆத்தங்குடிக் கல் தரையில் ஆசிட், பினாயில் எதுவும் படாது, வெறும் தண்ணீரில் துடைப்போம். மூன்றாம் கட்டு (வீட்டின் பின்பகுதி) அடுப்படியில் தீ மூட்டப் போவதில்லை. சமையல் பின்தோட்டத்தில், கேஸ் அடுப்பில். இட்லி, சாம்பார் சாதம், ராத்திரிக்கு உப்புமா. செட்டிநாட்டு விருந்து எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள்.

பெரிய பிரச்சினை கழிப்பறை. இதைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் ஏற்பாடு செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கும் வீட்டில் கழிப்பறை மூன்றே மூன்று. மூன்றும் வீட்டின் கடைசிக் கட்டுக்குள். கூடலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் பெண்கள், அறுபது பேர். போன வருஷம் மரத்தடியில் கூடியபோது காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவமானமாக இருந்தது. இந்தத் தடவை உள்ளே இருக்கும் மூன்றும் பெண்களுக்கே. தோட்டத்தில் வாடகைக்கு நாலு வைக்கிறோம், அதில் ஒன்று பெண்களுக்கு, மூன்று ஆண்களுக்கு. ஆளுக்கு நாற்பது லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 4,800 லிட்டர். உங்கள் கிணற்றில் கை வைக்கமாட்டோம், தினமும் ஒரு 5,000 லிட்டர் டேங்கர் வரும். பெண்கள் வளவைச் சுற்றியுள்ள இரட்டை வீட்டு அறைகளிலும், ஆண்கள் முகப்பிலும் திண்ணையிலும் படுப்பார்கள். ஏதாவது சங்கடம் என்றால் சொல்வதற்கு மூன்று பெண்கள், அவர்களில் ஒருவர் நாற்பத்தைந்து வயதுச் செவிலியர். அவர்கள் எண் ஒவ்வொரு அறைக் கதவிலும் தொங்கும். கயிற்றில்தான்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பத்தா அந்த வீட்டில் நெல் குத்தியவர். பின்வாசல் வழியாக வருவார், பின்வாசல் வழியாகப் போவார். கல்யாண நாட்களில் இரண்டாம் கட்டு வரைக்கும் வந்து பாத்திரம் எடுத்துப் போயிருக்கிறாராம். முகப்பில் பதித்த கண்ணாடியையும் இத்தாலிப் பளிங்கையும் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறார், அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அப்பா தலைவாசலைத் திறக்கிறார், ஆனால் திறந்ததும் சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமாகத்தான் உள்ளே வேலை தொடங்குவார். யாரும் சொல்லவில்லை, பழக்கம். உங்கள் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு நீங்கள் காலேஜ் பீஸ் கட்டியிருக்கிறீர்கள், அது எனக்கு மறக்காது. ஆனால் நூற்றிருபது பேரும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், தலைவாசல் வழியாக உள்ளே வந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைச் சொல்லாமல் சாவியை வாங்கினால் உங்களை ஏமாற்றியது ஆகும். முதல் நாள் அவர்களோடு அப்பாவும் அந்த வழியாக வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பணம் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் கணக்குப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்ததால் ஐந்தொகை மட்டும் காட்டிவிடுகிறேன். சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 220 ரூபாய் வீதம் 79,200. கழிப்பறை வாடகை 24,000. தண்ணீர் 3,600. பாய், ஜமக்காளம் 6,000. முடிந்தபின் வீட்டைச் சுத்தம் செய்ய 5,000. சில்லறைச் செலவு 7,200. ஆக 1,25,000. வருபவர்கள் ஆளுக்கு 300 தருகிறார்கள், அது 36,000. கையில் சேர்ந்திருப்பது 41,000. 48,000 துண்டு விழுகிறது, அதற்கு வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். முடிந்த ஒரு வாரத்தில் வரவு செலவு முழுதும், பில்லோடு, பதினான்கு புள்ளிக்கும் வரும்.

உங்களிடம் பணத்துக்குப் பதிலாக வேறொன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் இருக்கும் வயதான ஐயாமார், ஆச்சிமார் வந்து உட்கார வேண்டும். தலைமை தாங்க இல்லை, நாற்காலியும் தனியாகப் போடமாட்டோம் (முட்டிவலி உள்ளவர்களுக்கு உண்டு). எந்த ஊருணிக்கு எந்தத் திசையிலிருந்து தண்ணீர் வந்தது, எந்த வருஷம் கடைசியாக நிரம்பியது, எந்த ஊருணியில் குளிக்க விடமாட்டார்கள், யார் காவல் இருந்தது, இது எதுவும் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்கவில்லை. உங்கள் நினைவில் இருக்கிறது. பிள்ளைகள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார்கள், நீங்கள் விரல் வைத்துக் காட்டினால் போதும். பொன்னாடை கிடையாது. காபி உண்டு. வெளியூரில் இருப்பவர்கள் வீடியோவில் வரலாம், ஆனால் நேரில் வந்தால் உங்கள் அறையை உங்களுக்கே ஒதுக்கி வைப்போம்.

ஜனவரி பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட்டால் டேங்கருக்கும் சமையலுக்கும் முன்பணம் கட்ட வசதி. சம்மதம் என்றால் சம்மதம் என்று எழுத்தில் போடுங்கள், கைகூப்பும் படம் வேண்டாம். வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன், அடுத்த வீட்டைக் கேட்பேன். வேறு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் முன்வந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

அப்பாவிடம் இந்த மடலை நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன், தலைவாசல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நிபந்தனை சொன்னார். அவங்க சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம். செருப்பெல்லாம் திண்ணைக்குக் கீழேயே கிடக்கணும். ராத்திரி முற்றத்து மேல்கம்பிக் கதவைப் பூட்ட மறந்தால் குரங்கு வரும், அதை அவரே வந்து பூட்டுவாராம், எங்களை நம்ப முடியாதாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகள்
கூடல் ஏற்பாட்டாளர்களில் ஒருத்தி